ஸ்கூபா டைவிங்குக்குக் கத்தி வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

என் முதல் டைவிங் கத்தி உறையோடு சேர்த்து முழங்காலிலிருந்து கணுக்கால்வரை நீண்டது. கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் இரண்டு ரப்பர் பட்டைகளால் அதைக் கட்டிக்கொண்டு படகில் நடந்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. பதினான்காவது டைவில், 18 மீட்டர் ஆழத்தில், பாறையில் யாரோ விட்டுப்போன தங்கூசி நரம்பு (ஒற்றை இழை நைலான் தூண்டில் நூல்) என் தலைக்குப் பின்னால் சிலிண்டர் வால்வில் மாட்டியது. கத்தியை எடுக்கக் குனிந்தேன். குனியக் குனிய நரம்பு இறுகியது. விரல் நுனி கைப்பிடியைத் தொட்டது. உறையின் பூட்டு எட்டவில்லை. அதற்குள் கூட வந்த டைவர் நீந்தி வந்து, விரல் நீளமே உள்ள ஒரு பிளாஸ்டிக் கொக்கியை நரம்பில் கொடுத்து ஓர் இழுப்பு இழுத்தார். விடுபட்டேன். கத்தி உறையைவிட்டு வெளியே வரவே இல்லை.

அதற்குப் பிறகு ஐந்து கருவிகள் வாங்கினேன். ஒன்று கடலில் விழுந்தது, ஒன்று துருப்பிடித்தது, ஒன்றை விமான நிலையத்தில் பறிகொடுத்தேன். துருப்பிடித்ததற்கும் பறிகொடுத்ததற்கும் மாற்றாக வாங்கிய இரண்டு மட்டும் இன்னும் வேலை செய்கின்றன. பயிற்சி முடித்து முதன்முறையாகச் சொந்தக் கருவிகள் வாங்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு அந்தச் செலவு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சுறாவோடு சண்டை போடக் கத்தி தேடுகிறவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். தண்ணீருக்கடியில் இது மாட்டிய கயிற்றை அறுக்கும் கருவி, வேறெதுவும் இல்லை.

1. கடைக்குப் போகுமுன் அனுமதியைக் கேளுங்கள்

எல்லாரும் கடைசியில் செய்வது இது. முதலில் செய்யுங்கள்.

சில கடல் பூங்காக்களில் டைவர்கள் கத்தி கொண்டுசெல்லக் கூடாது. மெக்சிகோவின் கோசுமெல் அப்படிப்பட்ட இடம். அங்கே கையுறைக்கும் தடை உண்டு. காரணம் எளிது. கையில் கத்தி இருக்கிறவருக்குப் பவளப்பாறையைக் குத்திப் பார்க்கத் தோன்றும், கையுறை போட்டவருக்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தோன்றும். ஆகவே, எந்த டைவ் மையத்தோடு கடலுக்குப் போகப் போகிறீர்களோ அவர்களிடம் இரண்டு வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். ‘கத்தி கொண்டுவரலாமா’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கத்தி, கத்தரி, கொக்கி வெட்டி (அன்று என்னை விடுவித்த பிளாஸ்டிக் கொக்கி போன்றது) மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, முடிந்தால் படத்தோடு கேளுங்கள். கத்திக்குத் தடை போட்ட இடத்தில்கூட மற்ற இரண்டும் அனுமதிக்கப்படலாம். பதில் எழுத்தில் இருந்தால் படகில் வந்து யாரும் வாதாட மாட்டார்கள்.

அடுத்தது தரைச்சட்டம். பல நாடுகளில் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதே குற்றம். டைவ் முடிந்து ஈர உடையை மட்டும் மாற்றிக்கொண்டு, இடுப்புப் பட்டையில் கத்தியோடு சாப்பிடப் போவது அசட்டுத்தனம். அது டைவிங் பைக்குள், உறையோடு, மற்ற உபகரணங்களுக்கு நடுவில் இருக்கட்டும். உங்கள் டைவிங் சான்று அட்டை, முன்பதிவுக் கடிதம், கருவி வாங்கிய ரசீது மூன்றின் நகலையும் அதே பையில் வைத்துவிடுங்கள். ‘எதற்கு இது’ என்று யாராவது கேட்டால் மூன்று தாள்களும் சேர்ந்து பதில் சொல்லும்.

விமானப் பயணத்தில் ஒரே விதி: கூரானது எதுவானாலும் ஒப்படைக்கும் பெட்டிக்குள். கையோடு எடுத்துச்செல்லும் பையில் வேண்டாம். நான் பறிகொடுத்தது கத்தி இல்லை, கட்டைவிரல் அளவு கொக்கி வெட்டி. அதைக் கத்தியாகவே நான் நினைக்காததால், பிசிடியின் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) மார்புப் பட்டையிலிருந்து கழற்றாமல் கைப்பையில் மடித்து வைத்துவிட்டேன். எக்ஸ்ரே கருவிக்கு அளவெல்லாம் கணக்கில்லை. பிசிடி, ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) இரண்டையும் கையோடு கொண்டுபோகிறவர்கள் முந்தின இரவே அவற்றின் பட்டைகளையும் பைகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். பெட்டிக்குள் வைக்கும் கத்தியையும் உறையோடு துணியில் சுற்றி வையுங்கள். பெட்டியைத் திறந்து சோதிக்கும் ஊழியரின் கையைப் பதம் பார்த்துவிடக் கூடாது.

2. எதில் சிக்கப் போகிறீர்கள்?

கடையில் நிற்கும்போது எல்லாக் கத்தியும் அழகாகத்தான் இருக்கும். அதனால் கடைக்கு வெளியே நின்றே இந்தக் கேள்விக்குப் பதில் தேடுங்கள்.

தங்கூசி நரம்பு: தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் உடலில் உணர்ந்த பிறகுதான் இருப்பதே தெரியும். ஓரளவு கூரான எதற்கும் அறுந்துவிடும், ஆனால் விறைப்பாக இருக்க வேண்டும்.

பின்னல் நரம்பு: பல மெல்லிய இழைகளைப் பின்னியது. அதே பருமனுள்ள தங்கூசியைவிட மிக வலுவானது, வழுக்கும். மழுங்கிய கத்தியை இதில் தேய்த்தால் தேய்த்துக்கொண்டே இருக்கலாம்.

வலை: ஒரு கண்ணி அறுந்தால் பத்துக் கண்ணி பிடிக்கும். தளர்ந்து தொங்குவதால் கத்திக்குப் பிடி கொடுக்காது.

பருத்த கயிறு: நங்கூரக் கயிறு, மிதவைக் கயிறு போன்றவை. கண்ணுக்குத் தெரிவதால் இதில் சிக்குவது குறைவு. சிக்கினால் ரம்பப் பல் வேண்டும்.

உலோகக் கம்பி: பெரிய மீன்களுக்கான தூண்டிலில் கொக்கிக்கு அருகே இருக்கும். மூழ்கிய கப்பல்களில் மின்கம்பிகளும் தொங்கும். இவற்றில் கத்தி செல்லாது.

பட்டியலில் பலர் விட்டுவிடும் ஒன்று, உங்கள் சொந்தக் கயிறு. நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் அடையாள மிதவையை மேலே அனுப்பும்போது சுருளிலிருந்து அவிழும் நூல் காலில் சுற்றிக்கொள்வது புதியவர்களுக்கு அடிக்கடி நடப்பது. மிதவை மேலே போக, கூடவே நீங்களும் போவீர்கள்.

நீங்கள் போகும் இடத்தில் மீன்பிடிப்பு உண்டா, மூழ்கிய கப்பல் உண்டா, கடற்பாசிக் காடு உண்டா என்று வழிகாட்டியிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

3. எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள்

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் நான் கத்தியின் நீளத்தைப் பார்ப்பதை விட்டேன்.

12 லிட்டர் சிலிண்டரில் 50 பார் அழுத்தத்தில் காற்று மிச்சம் இருக்கிறது என்று வையுங்கள். அதாவது 600 லிட்டர் காற்று. அமைதியாக இருக்கும் ஒருவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பதாகக் கொண்டால், 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 3 பார் என்பதால் அதே சுவாசத்துக்கு 60 லிட்டர் செலவாகும். பத்து நிமிடம். சிக்கிக்கொண்டவர் அமைதியாக இருக்க மாட்டார். சுவாசம் இரட்டிப்பானால் ஐந்து நிமிடம். அதிலிருந்தும் மேலே ஏறுவதற்கான காற்றைக் கழிக்க வேண்டும். கையில் நிற்பது இரண்டு மூன்று நிமிடம்.

அந்த நேரத்தில் கருவியை ஒரு கையால், பார்க்காமல், கையுறையோடு எடுக்க முடிய வேண்டும். எந்தக் கருவி என்பது அடுத்த கேள்விதான். ஆழம் 30 மீட்டரைத் தாண்டும்போது நைட்ரஜன் மயக்கமும் (சுவாசிக்கும் நைட்ரஜனால் புத்தி மந்தமாவது) சேர்ந்துகொள்ளும்; படகில் எளிதாகத் தோன்றிய பூட்டு அங்கே புதிராகிவிடும்.

4. மூன்று கருவிகள், ஒரு வரிசை

கொக்கி வெட்டி. பிளாஸ்டிக் அல்லது உலோக உடலுக்குள் ஒரு குறுகிய பிளவு, அதற்குள் சவரத்தகடு போன்ற அலகு. நரம்பைப் பிளவுக்குள் கொடுத்து இழுத்தால் அறுந்துவிடும். அலகு உள்ளே ஒளிந்திருப்பதால் கை, ஈர உடை, காற்றுக்குழாய் எதையும் கிழிக்காது. பதற்றத்தில் இருப்பவர் கையில் கொடுக்கலாம் என்று நான் நம்பும் ஒரே கருவி இது. ஈசிகட் நிறுவனத்தின் டிரைலோபைட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பிளவுகள் இருப்பதால் எந்தப் பக்கமிருந்தும் நரம்பைக் கொடுக்கலாம்; அலகுகளையும் மாற்றிக்கொள்ளலாம். குறை என்று பார்த்தால், பிளவைவிடப் பருத்த கயிற்றுக்கு இது உதவாது. தளர்ந்த நரம்பை முதலில் ஒரு கையால் விறைப்பாக்கிக்கொள்ளவும் வேண்டும்.

முதலுதவிக் கத்தரி. விபத்தில் சிக்கியவரின் உடையையும் இருக்கைப் பட்டையையும் வெட்ட ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வைத்திருப்பார்களே, அதுதான். கீழ்முனை மொட்டையாக வளைந்திருக்கும், குத்தாது. ஒரு பக்க அலகில் இருக்கும் நுண்ணிய பற்கள் வழுக்கும் பின்னல் நரம்பைப் பிடித்துக்கொள்ளும். தளர்ந்த வலை, இரட்டை மடிப்பு நரம்பு, மெல்லிய கம்பி எல்லாம் இதற்கு அடங்கும். விறைப்பு தேவையே இல்லை. இவ்வளவு இருந்தும் விலை மூன்றிலும் குறைவு.

வாங்கும்போது இரண்டு சிக்கல்களைக் கவனியுங்கள். முதலாவது, திருகு தளர்ந்த கத்தரியில் மெல்லிய நரம்பு வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ளும். கடையிலேயே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை நுனியால் வெட்டிப் பாருங்கள், மடிந்தால் வேண்டாம். இரண்டாவது, விரல் வளையம். 5 மில்லிமீட்டர் கையுறை போட்ட கட்டைவிரல் நுழைகிறதா என்று கையுறையோடு போய்ப் பார்க்க வேண்டும். நான் வெறுங்கையால் பார்த்து வாங்கினேன். குளிர்ந்த தண்ணீரில் அந்த வளையம் மோதிரமாகத்தான் பயன்பட்டது.

கத்தி. மூன்றாவது இடத்தில் வைக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். பருத்த கயிறும் கடற்பாசிக் காடும் உள்ள இடங்களில் இதற்கு ஈடு இல்லை. மற்ற இடங்களில் இது கூடுதல் சுமை. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அலகு உள்ளங்கை அகலத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு பக்கம் நேர்க்கூர், மறுபக்கம் ரம்பப் பல், அடியில் நரம்பைப் பிடிக்க ஒரு பிளவு. முனை மொட்டையாக இருக்கட்டும். கூர்முனைக் கத்தி தண்ணீருக்கடியில் எதைக் குத்தப் போகிறது? பெரும்பாலும் உங்கள் பிசிடியின் காற்றுப்பையை.

மடக்குக் கத்தியை வாங்காதீர்கள். பலவற்றைத் திறக்க இரண்டு கை வேண்டும், கீலில் மணல் புகும், பாதி திறந்த நிலையில் விரலையே வெட்டும்.

எனக்கு யோசனை கேட்டால்: கொக்கி வெட்டி ஒன்று, கத்தரி ஒன்று. ஒன்று விழுந்தாலும் மற்றொன்று இருக்கும். ஒன்று செய்யாததை மற்றொன்று செய்யும். பயிற்சியாளர்களில் சிலர் கத்தியைத்தான் முதலில் சொல்வார்கள். அவர்கள் எந்தத் தண்ணீரில் பழகினார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் காரணம் விளங்கிவிடும்.

5. உலோகம்: துருவா, கூரா?

‘துருப்பிடிக்காத எஃகு’ என்று பொறித்திருப்பதை நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம். எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் அந்தப் பெயர் கிடைத்துவிடும். குரோமியம் மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக் காக்கிறது. கடல்நீரிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். அதுவும் காற்றோட்டமில்லாத இடுக்குகளில், அதாவது உறைக்குள்ளும் திருகுக்கு அடியிலும், வேகமாகத் துளைக்கும். துரு எப்போதும் நீங்கள் பார்க்காத இடத்தில் தொடங்குவது அதனால்தான்.

கூர் நிற்கக் கார்பன் வேண்டும். கார்பன் கூடினால் அது குரோமியத்தைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும், துருத்தடுப்பு குறையும். இந்த இழுபறிதான் எல்லா டைவிங் கத்தியிலும். 304 வகை எஃகு துருவை நன்றாகத் தாங்கும், ஆனால் வெப்பமூட்டிக் கடினமாக்க முடியாததால் கூர் நிற்காது. 420 நடுவழி. 440சி கூரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் கவனிப்புக் கேட்கும். டைட்டானியம் கடல்நீரில் துருப்பிடிக்கவே பிடிக்காது, எஃகைவிடப் பெரிதும் லேசு. அதன் கூர் நல்ல எஃகின் கூருக்கு நிற்காது, ஆகவே ரம்பப் பல் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். கார்பனின் வேலையை நைட்ரஜனுக்குக் கொடுத்த எச்1, எல்சி200என் போன்ற எஃகுகளும் உண்டு. இவை இழுபறியை ஓரளவு தீர்த்துவைக்கின்றன, விலை கூடுதல். ஸ்பைடர்கோவின் ‘சால்ட்’ வரிசையில் இப்படிப்பட்ட எஃகுகளைப் பார்க்கலாம், ஆனால் அவற்றில் பல மடக்குக் கத்திகள்; மேலே சொன்னதை மறக்க வேண்டாம். பீங்கான் அலகுள்ள கொக்கி வெட்டிகளுக்குத் துரு என்பதே இல்லை. படகுத் தளத்தில் விழுந்தால் உடையலாம்.

விற்பவர் எந்த எஃகு என்று சொல்லத் தெரியாமல் விழித்தால் ஒரு சிறிய காந்தத்தை எடுத்துப் பாருங்கள். பலமாக ஒட்டினால் 420, 440 போன்ற கடினமாக்கிய வகை. ஏறக்குறைய ஒட்டவே இல்லை என்றால் 304 ஆகவோ டைட்டானியமாகவோ இருக்கலாம். இரண்டில் எது என்பதைக் கையில் எடை சொல்லிவிடும். காந்தம் ஒட்டும் கத்தியைத் திசைகாட்டி கட்டிய கையில் மாட்டாதீர்கள். முள் கத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

6. எங்கே மாட்டுவது?

கெண்டைக்காலின் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். கால் சிக்கினால் கருவியும் அங்கேயே சிக்கும், தலை சிக்கினால் கை கால்வரை எட்டாது. போதாக்குறைக்கு, வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியே நரம்பைப் பிடிக்கும் கொக்கி. காலில்தான் கட்ட வேண்டும் என்றால் உட்பக்கமாகக் கட்டுங்கள்.

நல்ல இடம் இரண்டு தோளுக்கும் தொப்புளுக்கும் நடுவிலுள்ள முக்கோணம். அதற்குள் இருக்கும் எதையும் இரண்டு கையாலும் தொட முடியும். என் கொக்கி வெட்டி இடது தோள்பட்டையில், கத்தரி இடுப்புப் பட்டையின் வலப்பக்கத்தில். மணிக்கட்டில் கட்டுவதும் வழக்கம்தான், ஆனால் அந்தக் கையே சிக்கினால் மற்றக் கை அதை எட்டுமா என்று பாருங்கள். வாடகை பிசிடி பயன்படுத்துகிறவர்கள் எந்தப் பட்டையிலும் கோத்துக் கழற்றக்கூடிய உறையாக வாங்க வேண்டும். தினமும் பிசிடி மாறினாலும் கருவியின் இடம் மாறக் கூடாது.

உறையைக் கருவிக்குச் சமமாகப் பாருங்கள். என் சிறிய கத்தி கடலில் விழுந்ததற்குக் காரணம் பொத்தான் பூட்டு. படகு ஏணியில் ஏறும்போது பொத்தான் படியில் இடித்தது, கத்தி தலைகீழாக இறங்கிப் போய்விட்டது. ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டும் உறை தேவலாம். வளையம் வெடித்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்தால் போதும். ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) மூடி புதிதில் நன்றாகப் பிடிக்கும், மணலும் நாரும் ஏறியதும் பிடியை விடும். எந்த உறையானாலும் கருவியை மாட்டித் தலைகீழாகப் பிடித்துப் பத்து முறை உலுக்குங்கள். விழுந்தால் வாங்காதீர்கள்.

கருவியை மெல்லிய கயிற்றால் உறையோடு இணைப்பது நல்லதுதான். அந்தக் கயிறு கை முழுவதும் நீளும் அளவு இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் காலில் சிக்கியதை அறுக்க எட்டாது.

7. செலவு

முதலுதவிக் கத்தரி பெரும்பாலும் ஒரு படகு டைவின் கட்டணத்தைவிடக் குறைவு. கொக்கி வெட்டி அதற்கு ஒரு படி மேல். நல்ல எஃகுக் கத்தி கத்தரியைப் போலப் பல மடங்கு, டைட்டானியம் அதற்கும் மேலே. கத்தரியும் கொக்கி வெட்டியும் சேர்ந்தால்கூட ஒரு நல்ல டைட்டானியம் கத்தியின் விலையை எட்டுவது அரிது.

விலைச்சீட்டில் இல்லாதவையும் உண்டு. கத்தரியோடு வரும் துணி உறை பெரும்பாலும் தண்ணீருக்கு ஆகாது, வேறு உறை வாங்க வேண்டும். கொக்கி வெட்டிக்கு மாற்று அலகு வேண்டும். வாங்கும் நாளிலேயே ஒரு தொகுப்பு கூடுதலாக வாங்கிவிடுங்கள், பிறகு கிடைக்காமல் போகலாம். கைப்பையோடு மட்டும் பறக்கும் பழக்கம் உள்ளவருக்கு, ஒரு சிறிய அலகுக்காகப் பெட்டி ஒப்படைக்கும் கட்டணம் சேரும். அந்தக் கட்டணம் கத்தரியின் விலையை மிஞ்சினால், போகும் ஊரின் டைவ் மையத்தில் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைக்குமா என்று முன்பே கேட்டுவிடுவது லாபம்.

8. வாளிப் பரிசோதனை

வாங்கிய வாரத்திலேயே செய்யுங்கள். ரசீது செல்லுபடியாகும்போதே குறை தெரிந்துவிடும்.

ஒரு வாளித் தண்ணீர். தங்கூசி நரம்பு, பின்னல் நரம்பு, சிறுவிரல் பருமனுள்ள நைலான் கயிறு, ஒரு துண்டு வலை. டைவில் போடும் அதே கையுறை. கண்ணை மூடிக்கொண்டு உறையிலிருந்து கருவியை எடுத்து, வாளிக்குள் வெட்டி, திரும்ப உறையில் மாட்டுங்கள். வலக்கையால் ஐந்து முறை, இடக்கையால் ஐந்து முறை. நான் வைத்துக்கொண்ட அளவு, எடுத்து வெட்டுவதற்குப் பத்து விநாடி. உறையில் திரும்ப மாட்டுவதற்கு அளவில்லை, ஆனால் கண் பார்த்துத்தான் மாட்ட முடிகிறது என்றால் உறையின் இடம் தவறு.

பிறகு நீச்சல் குளத்தில் முழு உபகரணத்தோடு அதே பயிற்சி. துணை டைவரைக் கூப்பிட்டு உங்கள் முதுகுப் பக்கம் சிலிண்டரில் ஒரு நூலைக் கட்டச் சொல்லுங்கள். பின்னால் கை எட்டும் தூரம் எவ்வளவு குறைவு என்பது அங்கேதான் புரியும். அப்படியே அவருடைய கருவி எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள். உங்கள் முதுகிலுள்ள நரம்பை அறுக்கப் போவது அவர்தான். டைவுக்கு முன் ஒருவர் உபகரணத்தை மற்றவர் சரிபார்க்கும்போது இதையும் ஒருமுறை தொட்டுக் காட்டிக்கொள்ளுங்கள்.

9. சிக்கினால்

நில்லுங்கள். எதில் மாட்டினோம் என்று திரும்பிப் பார்க்க உடல் துடிக்கும். திரும்பினால் நரம்பு உங்களை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். நீந்தி இழுத்தால் முடிச்சு இறுகும். மூச்சை மெதுவாக விட்டு, துணை டைவருக்குச் சைகை காட்டுங்கள், காற்று மானியைப் பாருங்கள். பின்னோக்கிச் சற்று நகர்ந்தாலே பாதிச் சிக்கல் கழன்றுவிடும். துணை அருகில் இருந்தால் வெட்டுவதை அவரிடம் விடுங்கள், சிக்கல் அவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

நீங்களே வெட்ட வேண்டியிருந்தால், வெட்டப் போவதை முதலில் விரலால் தடவி உறுதிசெய்துகொள்ளுங்கள். ரெகுலேட்டர் குழாயும் பிசிடியின் காற்றுக்குழாயும் அதே இடத்தில்தான் ஓடுகின்றன. உடலிலிருந்து வெளிநோக்கி வெட்டுங்கள். அறுத்த முனையைக் கையைவிட்டு விடாதீர்கள், விட்டால் அது இன்னொரு இடத்தில் சுற்றும்.

யாரும் சொல்லித்தராத ஒன்று: நரம்பு உங்களைக் கீழே பிடித்து வைத்திருக்கலாம். போராட்டத்தில் பிசிடியில் காற்றை ஏற்றியிருப்பீர்கள். வெட்டிய மறுகணம் மேலே பாய்வீர்கள். அதனால் வெட்டுவதற்கு முன் காற்றைக் கொஞ்சம் வெளியேற்றிவிடுங்கள்.

கைவிடப்பட்ட பெரிய வலையில் ஆமையோ மீனோ சிக்கியிருப்பதைக் கண்டால் புதியவர் கத்தரியோடு பாய வேண்டாம். அந்த வலையை அகற்றத் தனிப் பயிற்சி உண்டு. இடத்தைக் குறித்துக்கொண்டு வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

10. அலசுவது, எண்ணெய் தடவுவது, மாற்றுவது

என் முதல் கத்தரி ஒரே வாரத்தில் திறக்க முடியாமல் போனது. நான் அதை அலசத்தான் செய்தேன், உறையோடு. உறைக்குள் தங்கிய உப்பு மீதியைப் பார்த்துக்கொண்டது. கருவியை உறையிலிருந்து எடுத்து, இரண்டையும் தனித்தனியே நன்னீரில் ஊறவைத்து, தனித்தனியே உலர்த்த வேண்டும். அன்றைய டைவ்கள் முடிந்த உடனேயே. மறுநாள் காலை என்பது தாமதம். உறையின் அடியில் நீர் வடியும் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கத்தரியைத் திறந்தும் மூடியும் அலசி, கீலில் ஒரு சொட்டு மினரல் எண்ணெய் விடுங்கள். கத்தி அலகில் சிலிகான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். செம்புள்ளி தெரிந்தால் அன்றே நைலான் தேய்ப்பானால் தேய்த்து எடுத்துவிடுங்கள், விட்டால் குழியாகும். நேர்க்கூரைச் சாதாரணத் தீட்டுகல்லில் தீட்டலாம். ரம்பப் பல்லை அதில் வைத்தால் பற்கள் தேய்ந்து தட்டையாகிவிடும். அதற்குக் கூம்பு வடிவத் தீட்டுகோல் தனியாகக் கிடைக்கிறது.

கொக்கி வெட்டியின் அலகைத் தீட்ட வேண்டியதில்லை, மாற்ற வேண்டியதுதான். ஆனால் அது மழுங்கியது வெளியே தெரியாது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன் ஒரு சாண் பின்னல் நரம்பை அதில் கொடுத்து இழுத்துப் பார்க்கிறேன். ஒரே இழுப்பில் அறுந்தால் பெட்டிக்குள் போகும். இரண்டு இழுப்பு கேட்டால் அலகை மாற்றி, தேதியை டைவ் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கிறேன். பழைய அலகை அட்டையில் மடித்து ஒட்டிக் குப்பையில் போடுங்கள். படகிலிருந்து கடலில் வீசிவிடாதீர்கள்.